தோற்கக் காத்திருந்த வீடு: அயனம்பாக்கத்து உலகக் கோப்பை

"டீச்சர், எங்க ஊடு எப்ப டீச்சர் தோக்கும்?"

2002 ஜூன் மாதம். அம்பத்தூரில் நான் வரலாறு, புவியியல் நடத்திக்கொண்டிருந்த பள்ளியில், எட்டாம் வகுப்பு ஜெசிந்தா எழுந்து நின்று கேட்ட கேள்வி இது. அந்த ஆண்டு கால்பந்து உலகக் கோப்பை ஜப்பானிலும் தென்கொரியாவிலும் நடந்தது. நமக்கு ஆட்டங்கள் பட்டப்பகலில் வந்ததால் வகுப்பில் பாதிப் பேரின் மனது டிவியில் இருந்தது. சரி, அந்த வழியாகவே போவோம் என்று உலக வரைபடத்தை மாட்டினேன். முதல் கோப்பை 1930இல் உருகுவேயில் நடந்தது, ஐரோப்பிய அணிகள் கப்பலேறிப் போய் ஆடின, இரண்டாம் உலகப் போரால் 1942, 1946 இரண்டு கோப்பைகளும் நடக்கவேயில்லை என்று சொல்லிக்கொண்டு போனேன். எந்த நாடு ஜெயிக்கும் என்று எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்க, இவள் ஒருத்தி எப்போது தோற்கும் என்று கேட்டாள். அதுவும் நாட்டை அல்ல, வீட்டை.

அந்த மாதக் கடைசி ஞாயிறு, இறுதி ஆட்டத்தன்று, அவள் அம்மா பிலோமினா என்னை அயனம்பாக்கத்துக்கு வரச்சொல்லிவிட்டார். போய்ப் பார்த்தபிறகுதான் கேள்வியே புரிந்தது.

ஏரிக்கு அருகில் உள்ள சின்னத் தெரு அது. அப்போது வீட்டுக்கு ஒருவராவது அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத், வெல்டிங், பேக்கிங் என்று வேலைக்குப் போய்வந்தார்கள். இத்தாலியில் 1990இல் கோப்பை நடந்தபோது தெருக்காரர்கள் சீட்டுப் போட்டு, வீட்டுக்கு ஒரு நாட்டை எடுத்துக்கொண்டார்கள். எடுத்த நாடு எடுத்ததுதான், அது அந்த வீட்டோடு இருக்கும். உங்கள் நாடு கோப்பையிலிருந்து வெளியேறினால், மறுநாள் சாயங்காலம் நீங்கள் தெருவுக்கே கொண்டைக்கடலைச் சுண்டல் போட வேண்டும். உங்களை ஜெயித்த வீட்டுக்கு முதல் பங்கு. கோப்பையையே வென்ற வீட்டில் அன்று அடுப்பு பற்றவைக்கக் கூடாது, தெரு சமைத்துக் கொடுக்கும்.

அந்தக் கோப்பையில் ஆடியவை 24 நாடுகள். தெருவில் 25 வீடுகள். ஒரு வீடு சும்மா இருக்கக் கூடாதே என்று, கூடுதலாக ஒரு சீட்டில் 'இந்தியா' என்று எழுதிப் போட்டார்கள். அதை எடுத்தவர் பிலோமினாவின் கணவர் ஆரோக்கியம். "நம்ம நாடே வந்துட்சு" என்று குதித்தாராம். அன்றைக்கே போய், நூறு பேருக்குச் சுண்டல் வேகும் அளவுக்கு ஒரு பெரிய அலுமினியக் குண்டானும் வாங்கிவந்தார். அதற்குப் பிறகுதான் விஷயம் உறைத்தது. ஆடாத நாடு எப்படித் தோற்கும்?

இந்த முன்கதை இல்லாமல் என் பயணம் உங்களுக்குப் புரியாது, அதனால்தான் இவ்வளவு நீட்டினேன். இனி பயணத்துக்கு வருகிறேன்.

ஜெசிந்தா இப்போது ஓசூரில் வேலை செய்கிறாள். கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டவள், "அப்பா போன பிறகு அம்மா தனியாத்தான் கீது டீச்சர். ஊட்ட வித்தாச்சு. ஏப்ரல்ல இங்க கூட்டிகினு வந்துடறேன்" என்றாள். கொஞ்சம் தயங்கி, "போறதுக்குள்ள ஒரே ஒரு தடவ தெருவுக்குச் சுண்டல் போட்டுடணும்னு ஒரே புடிவாதம். தெருவுல ஒத்துக்கல. நீங்க வந்து பேசினா கேப்பாங்க" என்றாள். அடுத்த கோப்பை வரும் ஜூனில், அப்போது பிலோமினா அந்தத் தெருவில் இருக்கப்போவதில்லை. பொங்கல் கழிந்த ஞாயிறு கிளம்பினேன்.

நான் இருப்பது ஆவடியில். காலை 8.20 மின்சார ரயிலைப் பிடித்தால் அண்ணனூர், திருமுல்லைவாயல் தாண்டிப் பத்து நிமிடத்தில் அம்பத்தூர். கட்டணம் ஐந்து ரூபாய். ஞாயிறு காலையில் உட்கார இடம் கிடைக்கும், ஜன்னலோரம் கூடக் கிடைக்கும். ஸ்டேஷன் வாசலில் இட்லி, வடை, காபி அறுபது ரூபாய்க்கு முடித்துக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். அயனம்பாக்கம் ஏரிக்கரைக்கு ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர். இருநூறு கேட்டார், நூற்று அறுபதுக்கு வந்தார்.

"ஏரியாண்ட எங்க மா?"

கதவில் கொடி வைத்திருக்கும் தெரு என்றேன்.

"அட, கப் தெருவா? ஜெர்மனி ஊட்டு மாப்ள நம்ம தோஸ்துதான். 2014ல ஜெயிச்சப்போ மூணு வேளையும் ஓசி சோறு, உருண்டுகினு கெடந்தான்."

எஸ்டேட் வழியாகப் போனோம். ஞாயிறு என்பதால் பட்டறைகளின் ஷட்டர்கள் இறங்கிக் கிடந்தன. வாரநாளில் இந்தச் சாலையில் லாரிகளுக்கு நடுவே அரை மணிநேரம் நிற்க வேண்டியிருக்கும், அதனால் ஞாயிறே போங்கள். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்திருந்தது. ஏரி கரை முட்ட நின்றது. சிறிது நேரம் இறங்கி நின்று பார்த்தேன். அந்தப் பக்கம் அடுக்குமாடிகள், இந்தப் பக்கம் தண்ணீரில் நாமக்கோழிகள். சாலையைத் தாண்டினால் தெரு.

ஒவ்வொரு வாசலிலும் நிலைப்படிக்கு மேல் கையகலத் தகரம், அதில் ஒரு கொடி. வரலாறு படித்தவர்களுக்கு இந்தத் தெரு ஒரு விருந்து. 1990இல் செக்கோஸ்லோவாக்கியா எடுத்த வீட்டில், அந்த நாடு இரண்டானபிறகு அண்ணன் தம்பி பாகம் பிரித்தார்கள். மாடி வீட்டு அண்ணன் செக், கீழ்வீட்டுத் தம்பி ஸ்லோவாக்கியா. சோவியத் யூனியன் வீட்டுக்காரர் தகரத்தை மாற்றாமல் அரிவாளையும் சுத்தியலையும் அப்படியே விட்டுவிட்டார். நெதர்லாந்து வீட்டுத் தகரத்தை ஆணி அடித்தவர் பக்கவாட்டில் அடித்துவிட்டதால், அது இத்தனை ஆண்டுகளாகப் பிரான்ஸாகத் தெரிகிறது.

பிலோமினா அப்போதுதான் சர்ச் பூசையிலிருந்து வந்திருந்தார். வீட்டுக்குள் பாதிச் சாமான்கள் மூட்டை கட்டியாகிவிட்டன. அடுக்களையில் மட்டும் குண்டான் கட்டாமல் இருந்தது. எட்டிப் பார்த்தேன். நிறையத் தண்ணீர், அடியில் கொண்டைக்கடலை.

"நேத்தே ஊற வெச்சிட்டேன் டீச்சர்" என்றார்.

"சம்மதம் கிடைக்கறதுக்கு முன்னாடியேவா?"

"நீங்க வரீங்கன்னு ஜெசி சொல்லிட்சே."

தேர்வு அறைக்குள் போகுமுன் பெற்றோர் இனிப்பு வாங்கிவைத்துவிட்டால் பிள்ளைக்கு எப்படி இருக்கும், அப்படி இருந்தது எனக்கு.

இது என்ன பெரிய காரியம், யாரைக் கேட்க வேண்டும், வேகவைத்துக் கொடுத்துவிடலாமே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் கேட்டேன்.

"சும்மா போட்டா அது தர்மம் டீச்சர். போன வருசம் அவரு நினைவு நாளுக்குத் தெருவுக்கே பிரியாணி போட்டேன். அது வேற. இந்தத் தெருவுல அத்தினி பேரும் தோத்துட்டு வந்து என் குண்டானத்தான் கேட்டு வாங்கிகினு போனாங்கோ. இங்கிலாந்து தோத்தது இதுலதான் வெந்துச்சு, பிரேசில் தோத்தது இதுலதான் வெந்துச்சு. எங்க ஊட்டுது மட்டும் வேவல. அவரு குண்டானக் கழுவிக் கழுவிக் குடுத்துகினே போயிட்டாரு."

பிறகு கடலையைக் கையால் ஒருமுறை கிளறிவிட்டார்.

தெருவில் விதிகளைக் காப்பவர் எதிர்வீட்டு முனுசாமி. ஏரிப் பாசனத்தில் நெல் போட்ட பழைய குடும்பம், இப்போது வாசலில் தண்ணீர் கேன் கடை. அவர் வீடு உருகுவே. முதல் கோப்பையை வென்ற நாடு என்ற பெருமை அவருக்கு நிறைய உண்டு. பிலோமினாவும் நானும் கடைக்குப் போனோம்.

"இன்னா டீச்சர், நீங்களே இப்டி சிபாரிசுக்கு வந்தா எப்டி? ஆடினாத்தான தோல்வி? இந்தியா ஆடவே இல்லியே."

"நீ கடைசியா ஜெயிச்சது 1950ல. உங்கப்பா டவுசர் போட்டுகினு இருந்தப்போ. பேசறாரு பாரு" என்றார் பிலோமினா.

"ஜெயிச்சோம் இல்ல? சொல்றதுக்கு ஒண்ணு கீது இல்ல?"

நான் என் பழைய தொழிலை எடுத்தேன். "முனுசாமி, மார்க் ஷீட்ல ஆப்சென்ட்டுன்னு போடறதும் பெயில்னு போடறதும் ஒண்ணா?"

"எப்டி ஒண்ணாவும்? வரலன்னா ஆப்சென்ட். எழுதிக் கோட்ட வுட்டா பெயிலு."

"சரி. 1950ல பிரேசில்ல நடந்த கோப்பைக்கு இந்தியாவுக்கு இடம் கிடைச்சுது. நாம போகல. வெறுங்காலோட ஆட விடலன்னு ஊர்ல ஒரு கதை உண்டு. தூரம், செலவு, ஒலிம்பிக்தான் பெருசுன்னு ஒரு நினைப்பு, இப்படிப் பல காரணம் சொல்றாங்க. எதுவா இருந்தாலும் அது ஆப்சென்ட். ஆனா 1994 கோப்பைக்குத் தகுதிச் சுற்று நடந்துச்சு. அதுல இந்தியா ஆடுச்சு, தென்கொரியாகிட்ட தோத்துச்சு. அதுக்கப்புறமும் ஒவ்வொரு கோப்பைக்கும் தகுதிச் சுற்றுல ஆடி வெளிய வந்திருக்கோம். வரப்போற கோப்பைக்கும் அப்படித்தான். நாம ஆப்சென்ட் இல்ல முனுசாமி. பெயில்."

முனுசாமி தாடையைச் சொறிந்தார். கேன் வாங்க வந்த இரண்டு பேர் நின்று கேட்டார்கள்.

"தகுதிச் சுற்றுக்குலாம் இங்க யாரும் சுண்டல் போட்டது கெடையாது டீச்சர்."

"ஏன் கெடையாது? நெதர்லாந்து தேவராஜ் போட்டானே" என்றார் பிலோமினா. "அயர்லாந்தாண்ட தோத்து 2002க்கு வர முடியாம போச்சே, அப்ப."

"அது அவன் பொண்ணு காது குத்து சுண்டல். கப் சுண்டல் இல்ல."

"கப் சுண்டல்தான்."

"காது குத்து."

இப்படியே கால் மணிநேரம் போனது. தேவராஜ் வீட்டை விற்றுவிட்டுத் திருமழிசைக்குப் போய் ஏழெட்டு ஆண்டுகளாகிறது. ஃபோன் போடலாம் என்றேன். "போன்ல யாரு வேணா இன்னா வேணா சொல்லலாம். நேர்ல வந்து, என் கண்ணப் பாத்து சொல்லட்டும்" என்றார் முனுசாமி. 2010 அரையிறுதியில் உருகுவேயை நெதர்லாந்துதான் வெளியேற்றியது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை என்பது பேச்சிலேயே தெரிந்தது.

குண்டானில் கடலை ஊறிக்கொண்டிருந்தது. நான் செருப்பை மாட்டினேன்.

அயனம்பாக்கத்திலிருந்து வேலப்பன்சாவடிக்கு ஆட்டோவில் எண்பது ரூபாய். அங்கே நெடுஞ்சாலையில் நின்றால் பூந்தமல்லிக்குப் பேருந்துகள் வந்துகொண்டே இருக்கும். சாதாரணப் பேருந்து என்றால் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஆண்கள் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். பூந்தமல்லி பேருந்து நிலையத்தில் இறங்கி, திருவள்ளூர் பக்கம் போகும் பேருந்தில் மாற வேண்டும். கழிப்பறை, குடிநீர் எல்லாம் இங்கேயே முடித்துக்கொள்வது நல்லது. மெட்ரோ தூண்களின் நிழலில் நின்றபடி ஒரு கரும்புச்சாறு குடித்தேன், முப்பது ரூபாய். திருமழிசையில் இறங்கும்போது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது.

நெடுஞ்சாலைப் பக்கம் தொழிற்பேட்டைக் கொட்டகைகள், உள்ளே திரும்பினால் பெருமாள் கோயிலும் பழைய தெருக்களும். கோயில் நடை சாத்திவிட்டார்கள். தரிசனத்துக்கும் சேர்த்து வருபவர்கள் காலையிலேயே வந்துவிடுங்கள். கோயிலுக்குப் பின்தெருவில் பச்சை கேட் என்று பிலோமினா சொன்ன அடையாளம் போதுமானதாக இருந்தது.

தேவராஜ் லுங்கியோடு பைக் துடைத்துக்கொண்டிருந்தார். இங்கே ஒரு ரப்பர் கம்பெனியில் சூப்பர்வைசர். என்னை அடையாளம் தெரியவில்லை. ஜெசிந்தாவின் டீச்சர், அயனம்பாக்கத்திலிருந்து வருகிறேன் என்றதும் துணியைக் கீழே வைத்தார்.

"ஃபிலோ அக்கா ஊட்ட வித்துட்ச்சா? ஆரோக்கியம் அண்ணன் ஊட்டயா?"

ஆமாம் என்றேன். வந்த காரியத்தைச் சொன்னேன். காது குத்து என்ற இடம் வந்ததும் அவருக்கு மூக்கு விடைத்தது.

"காது குத்துக்கு எவனாச்சும் சுண்டல் போடுவானா டீச்சர்? கேசரி போட்டேன்! முந்திரி போட்டு! அந்தாளு மூணு வாட்டி வாங்கித் தின்னாரு. அடுத்த வாரந்தான் அயர்லாந்தாண்ட தோத்தோம். அயர்லாந்து எங்க பக்கத்து ஊடு. காலைல பல்லு வெளக்கும்போதே சிரிச்சான். மானம் போச்சுன்னு அன்னிக்கே கடலைய ஊறப்போட்டேன். ஆரோக்கியம் அண்ணந்தான் குண்டானத் தூக்கிகினு வந்து குடுத்தாரு."

துணியை மறுபடி எடுத்து பைக் சீட்டைத் துடைத்தார்.

"குடுக்கும்போது ஒண்ணு சொன்னாரு டீச்சர். 'நீ குடுத்து வெச்சவன்டா தேவா, ஒனக்குத் தோக்கறதுக்கு ஒரு டீம் கீது'ன்னாரு."

மூன்று முறை இறுதி ஆட்டம் வரை போய் மூன்று முறையும் தோற்ற நாடு நெதர்லாந்து. அந்த வீட்டுக்காரரைப் பார்த்து ஒருவர் பொறாமைப்பட்டிருக்கிறார். ஆசை எத்தனை விதம் என்பதற்கு வகுப்பில் நான் சொன்ன எடுத்துக்காட்டுகளில் இப்படி ஒன்று இருந்ததில்லை.

தேவராஜின் மனைவி சாப்பிடாமல் விடவில்லை. சாம்பார், வாழைக்காய் வறுவல். சாப்பிட்டதும் தேவராஜ் சட்டை மாட்டிக்கொண்டு, "ஒக்காருங்க டீச்சர், பைக்லயே போயிடலாம். பஸ்ஸுக்கு நின்னா கடலை மொள வுட்டுடும்" என்றார். அறுபத்தாறு வயதில் ஹெல்மெட் போட்டு நெடுஞ்சாலையில் பின்சீட்டில் போனேன். இதை யாருக்கும் பரிந்துரைக்கவில்லை. ஆனால் முக்கால் மணிநேரத்தில் போய்விடலாம்.

தெருவில் நுழைந்ததும் தேவராஜ் தன் பழைய வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, பக்கவாட்டுத் தகரத்தைப் பார்த்து, "இன்னும் பிரான்ஸாவே கீது பாரு" என்றார். பிறகு நேராக எதிர்வீட்டுக்குப் போனார்.

"இன்னா மாமே, கேசரி ருசி மறந்து போச்சா?"

முனுசாமி எழுந்து நின்றார். "இன்னா கேசரி?"

"என் பொண்ணு காது குத்துக்கு. முந்திரிய மட்டும் பொறுக்கித் தின்னுட்டு, நெய் கம்மின்னு சொன்னியே. சுண்டல் அடுத்த வாரம். அதுக்கு இன்னா சொன்னே? சொல்லு."

முனுசாமி யோசித்தார். கன்னத்தில் மெல்லச் சிரிப்பு ஏறியது. "தேங்கா கம்மின்னு சொன்னேன்."

"அப்ப அது வேற, இது வேறதான?"

"வேறதான்" என்றார் முனுசாமி. கூடி நின்றவர்கள் சத்தம் போட்டுச் சிரித்தார்கள். அவர் பிலோமினா பக்கம் திரும்பி, குரலை உயர்த்தி, தீர்ப்புச் சொல்லும் தோரணையில், "இந்தியா ஊடு தோத்துப் போச்சு! பத்த வெய்யி அக்கா" என்றார்.

பிலோமினா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடினார். அழுதாரா சிரித்தாரா என்று நான் பின்னால் போய்ப் பார்க்கவில்லை.

ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. ஜெயித்த வீட்டுக்கு முதல் பங்கு. 1994 தகுதிச் சுற்றில் நம்மைத் தோற்கடித்த தென்கொரியா வீட்டில் இப்போது வாடகைக்கு இருப்பவர்கள் ஒரு இளம் தம்பதி. எஸ்டேட் பக்கத்தில் ஐடி வேலை, வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. தாங்கள் கொரியா என்பதே அவர்களுக்குத் தெரியாது. தகரத்தை ஏதோ திருஷ்டிக்கு மாட்டியது என்று நினைத்திருக்கிறார்கள். ஐந்து மணிக்குக் கதவைத் தட்டி, தொன்னை நிறையச் சுண்டலை நீட்டி, "நீங்க எங்கள ஜெயிச்சிட்டீங்க" என்றார் பிலோமினா. அந்தப் பெண் கணவனைப் பார்த்தாள். கணவன் தொன்னையைப் பார்த்தான். "தேங்க்ஸ் ஆன்ட்டி... சாரி ஆன்ட்டி" என்றான்.

பிறகு தெரு முழுக்க. மாங்காய், தேங்காய், கொஞ்சம் இஞ்சி. முனுசாமி ஒரு வாய் போட்டு மெதுவாக மென்றார். "உப்பு கம்மி" என்றார். அது அந்தத் தெருவின் மரியாதை. குறை சொல்லாமல் வாங்கிச் சாப்பிட்டால் துக்க வீட்டுச் சாப்பாடு மாதிரி ஆகிவிடுமாம். பிலோமினாவின் முகத்தில் அப்படி ஒரு நிறைவை நான் பார்த்ததில்லை. "கம்மியாத்தான் இருக்கும், துன்னு" என்றார்.

கிளம்பும்போது வாசலில் மூவண்ணத் தகரத்தைப் பார்த்தேன். ஓசூருக்கு எடுத்துப்போகிறீர்களா என்று கேட்டேன்.

"நாடு ஊட்டோடதான் டீச்சர். வாங்கினவங்களாண்ட ஆணிய புடுங்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன்." தகரத்தின் ஓரத்தைக் கட்டைவிரலால் துடைத்தார். "என்னிக்காச்சும் வந்து ஆடும் இல்ல? அன்னிக்கு இந்த வாசல்ல யாராச்சும் நிக்கணும்."

ஏரிமேல் வெயில் சாய்ந்திருந்தது. ஆட்டோ கிடைக்கும்வரை கரையில் நின்றேன். ஜெசிந்தாவின் கேள்விக்கு அன்று வகுப்பில் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது ஃபோனில் சொன்னேன். "தோத்துட்டீங்க ஜெசி." அந்தப் பக்கத்திலிருந்து, "அப்பாக்குச் சொல்லணும் டீச்சர்" என்றாள்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ஏரியைப் பார்க்க டிசம்பர், ஜனவரி நல்லது. மே மாதம் போனால் பாதி மண்தான். கரையில் நிழல் குறைவு, குடை எடுத்துக்கொள்ளுங்கள். அம்பத்தூர், அயனம்பாக்கம், பூந்தமல்லி, திருமழிசை என்று ஒரே நாளில் முடிக்கலாம். சாப்பாடு சேர்த்து ஐந்நூறு ரூபாய்க்குள் அடங்கும். தெருவில் கொடிகளைப் படம் எடுக்குமுன் வீட்டுக்காரரைக் கேளுங்கள். எந்த நாடு என்று கேட்டால் கதை சொல்லாமல் விடமாட்டார்கள், நேரத்தோடு போங்கள்.

வரும் ஜூனில் அமெரிக்கா, கனடா, மெக்சிகோவில் நடக்கும் கோப்பையில் 48 நாடுகள் ஆடுகின்றன. அது தொடங்குமுன் உங்கள் தெருவிலோ அடுக்குமாடியிலோ வீட்டுக்கு ஒன்றாகச் சீட்டுப் போட்டுப் பாருங்கள், ஒரு சீட்டில் மறக்காமல் இந்தியா என்று எழுதுங்கள்.